கல்யாணம் முடிந்தது, விசா வரவில்லை: எந்த வழியில் போவது?

கணவர் டொரன்டோவில், மனைவி யாழ்ப்பாணத்தில். மனைவி அமெரிக்கக் குடிமகள், கணவர் கோயம்புத்தூரில் அப்பா அம்மாவோடு. கல்யாண ஆல்பம் அச்சாகி வந்து மாதக்கணக்காகியும் விசா வந்தபாடில்லை. காத்திருப்பு ஓராண்டைத் தாண்டும்போது, 'வேறு விசாவில் போட்டிருந்தால் இதற்குள் போயிருக்கலாமே' என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கைப் போட வேண்டிய நேரம் விண்ணப்பத்துக்கு முன்னால். பல சமயம் திருமணத்தைப் பதிவு செய்வதற்கே முன்னால்.

குடிமகனையோ குடிமகளையோ மணந்துவிட்டால் அவருடைய நாட்டில் வாழும் உரிமை தானாகக் கிடைத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கிடைக்காது. லாஸ் ஏஞ்சலீஸ் வழக்கறிஞர் சாண்ட்ரா முன்யோஸ் 2010-இல் எல் சல்வடோர் நாட்டவரை மணந்தார். குற்றக்கும்பலோடு தொடர்பு இருக்கலாம் என்ற சந்தேகத்தில் அமெரிக்கத் தூதரகம் கணவருக்கு விசா மறுத்தது. கணவர் அந்தத் தொடர்பை மறுத்தார். இருவரும் வழக்குத் தொடுத்தார்கள். வெளிநாட்டுத் துணைவரை நாட்டுக்குள் அனுமதிக்கக் கோரும் அடிப்படை உரிமை குடிமக்களுக்குக் கிடையாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024 ஜூன் 21 அன்று தீர்ப்பளித்தது. பிரிட்டனில் துணைவரை அழைக்கக் குறைந்தபட்ச வருமானம் வேண்டும் என்ற விதியை எதிர்த்த வழக்கிலும், அந்த வரம்பு கொள்கை அளவில் செல்லும் என்றே 2017 பிப்ரவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஆகவே, தவறானால் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்ற துணிச்சலில் வழியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. எந்த விசா வேகமாக வரும் என்று மட்டும் பார்ப்பதும் போதாது. தாமதமானால் எந்த வழியில் வேலையும் சேமிப்பும் சேர்ந்திருக்கும் நாட்களும் குறைவாகப் பாதிக்கப்படும் என்று பார்ப்பதே சரி.

அமெரிக்காவிலிருந்து தொடங்கலாம். அங்கே முதலில் பார்க்க வேண்டியது, துணைவர் குடிமகனா, கிரீன் கார்டு வைத்திருப்பவரா என்பது. கிரீன் கார்டு மட்டும் இருந்தால் எஃப்2ஏ என்ற பிரிவில் ஆண்டு ஒதுக்கீட்டு வரிசையில் நிற்க வேண்டும். மாதந்தோறும் வெளியாகும் விசா புல்லட்டினைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் குடியுரிமை பெற்ற நாளில் அந்த வரிசை போய்விடும். குடியுரிமைக்குத் தகுதி வந்தும் தள்ளிப்போட்டுக்கொண்டிருப்பவர்கள் முதலில் அதை முடிப்பது நல்லது.

துணைவர் குடிமகன் என்றால் இரண்டு வழிகள். நிச்சயமானவர்களுக்கான கே-1 ஒன்று, மணமானவர்களுக்கான சிஆர்-1 இன்னொன்று. கே-1 என்பது தொலைக்காட்சித் தொடர் ஒன்றால் உலகப் புகழ் பெற்ற '90 நாள்' விசா. இருவரும் கடந்த இரண்டாண்டுகளில் ஒரு முறையாவது நேரில் சந்தித்திருக்க வேண்டும். அமெரிக்காவில் இறங்கி 90 நாட்களுக்குள், மனு போட்டவரையே மணக்க வேண்டும். அதன் பிறகுதான் கிரீன் கார்டுக்கு ஐ-485 விண்ணப்பம். இந்த இடைவெளியில்தான் சிக்கல். வேலை அனுமதி அட்டை வரும்வரை சம்பாதிக்க முடியாது. முன்னனுமதி வாங்காமல் நாட்டை விட்டு வெளியேறினால் அந்த விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும். சென்னையில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த பெண் டெக்சாஸில் ஒரு அபார்ட்மென்டில் உட்கார்ந்திருப்பார். ஊரில் தகப்பனாருக்கு உடம்பு முடியாமல் போனால் உடனே விமானம் ஏறவும் முடியாது.

சிஆர்-1 விசாவில் போகிறவர் இறங்கிய நாளிலிருந்தே நிரந்தரக் குடியிருப்பாளர். மறுநாளே வேலைக்குப் போகலாம், அவசரத்துக்கு ஊருக்கு வந்து திரும்பலாம். செலவும் குறைவு. 2024 ஏப்ரலில் திருத்திய கட்டணங்களை வைத்துக் கூட்டினால், ஆன்லைனில் மனு போடும் சிஆர்-1 தம்பதிக்கு மனு, விசா, ஸ்பான்சர் பத்திரம், கிரீன் கார்டு எல்லாம் சேர்த்துச் சுமார் 1,305 டாலர். கே-1 தம்பதிக்கு மனு 675, விசா 265, ஐ-485 1,440 என்று 2,380 டாலர் ஆகிறது. வேலை அனுமதிக்கு இன்னும் 260. மருத்துவப் பரிசோதனை இரண்டுக்கும் தனி. கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால், கட்டும் நாளில் அரசுத் தளத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

கே-3 என்றும் ஒன்று இருப்பதாகச் சில முகவர்கள் சொல்வார்கள். சட்டத்தில் இருக்கிறது, நடைமுறையில் பயனில்லை.

தமிழ்க் குடும்பங்களில் நடக்கும் ஒரு விஷயத்தை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை இரண்டு வார லீவில் வருவார். முகூர்த்தம் ஆறு மாதம் கழித்து. 'ஃபைலைச் சீக்கிரம் ஆரம்பிக்கலாம்' என்று இரு வீட்டாரும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ப் பதிவுத் திருமணத்தை முடித்துவிடுவார்கள். பெண் தன் வீட்டிலேயே இருப்பாள், தாலி பிறகு. நியாயமான ஏற்பாடுதான், ஆனால் அதன் விளைவுகளை அறிந்து செய்ய வேண்டும். பதிவு செய்த அன்றே கே-1 வழி அடைபட்டுவிடுகிறது, சட்டப்படி அவர்கள் தம்பதி. எல்லாப் படிவங்களிலும் திருமண நாள் என்று பதிவுத் தேதியையே எழுத வேண்டும். நேர்காணலில் கேட்டால் இரண்டு தேதிகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒருவர் பதிவுத் தேதியையும் மற்றவர் முகூர்த்தத் தேதியையும் எழுதி, அதிகாரிக்குச் சந்தேகம் வந்து, கோப்பு மாதக்கணக்கில் நின்றுபோவதைத் தவிர்க்க இது ஒன்றே போதும். துணைவர் வெளிநாட்டுப் பிரஜை என்றால் இந்தியாவில் சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் அறிவிப்பு உண்டு. இரண்டு வார லீவில் அது முடியாது.

பதிவுத் தேதியில் லாபமும் உண்டு. அமெரிக்காவுக்குள் நுழையும் நாளில் திருமணமாகி இரண்டாண்டு நிறையவில்லை என்றால் இரண்டு ஆண்டுகளுக்கான நிபந்தனைக் கிரீன் கார்டுதான் கிடைக்கும். அது முடிவதற்கு முந்தைய 90 நாட்களில் ஐ-751 போட்டு, வாழ்க்கை உண்மையானது என்று மீண்டும் நிரூபிக்க வேண்டும். இரண்டாண்டு நிறைந்திருந்தால் ஐஆர்-1 பிரிவில் நேரே பத்தாண்டு அட்டை. குடியேற்ற விசா பொதுவாக ஆறு மாதம் வரை செல்லுபடியாகும். தாமதமாகித் தாமதமாகிக் கடைசியில் விசா கைக்கு வரும்போது இரண்டாம் ஆண்டு நிறைவுக்குச் சில வாரங்களே பாக்கி என்றால், அந்தச் சில வாரங்கள் பொறுத்துப் போவது பிற்பாடு ஒரு முழு விண்ணப்பத்தை மிச்சப்படுத்தும்.

'டூரிஸ்ட் விசாவில் போய் அங்கேயே தங்கிவிடலாம்' என்ற யோசனையும் அடிக்கடி வருகிறது. அமெரிக்காவைப் பொறுத்தவரை இது ஆபத்து. தங்கும் எண்ணத்தை மறைத்துச் சுற்றுலா என்று சொல்லி நுழைந்தது தெரிந்தால், பொய்த் தகவல் கொடுத்தவர் என்ற முத்திரை விழும். நிரந்தரத் தடைவரை போகலாம். உண்மையாகவே பார்த்துவிட்டுத் திரும்பப் போகிறவர் விசா கேட்கலாம். ஆனால் திரும்பி வருவார் என்று நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது. நிலுவையிலுள்ள துணைவர் மனு அதைக் கடினமாக்கும்.

கனடா இந்த விஷயத்தில் இரக்கமுள்ள நாடு. குடியேறும் நோக்கமும் தற்காலிகமாக வந்துபோகும் நோக்கமும் ஒருவருக்கு ஒரே நேரத்தில் இருக்கலாம் என்று அதன் குடிவரவுச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. 2023 மே மாதத்திலிருந்து, ஸ்பான்சர் செய்யப்பட்ட துணைவர்களின் வருகை விசாக்களை விரைவாகப் பரிசீலிக்கப்போவதாகவும் அந்த அரசு அறிவித்தது. துணைவரை மட்டும் அழைக்கப் பொதுவாக வருமான வரம்பு இல்லை; ஸ்பான்சர் மூன்றாண்டு நிதிப் பொறுப்பை ஏற்றால் போதும். குடிமகன் மட்டுமல்ல, பி.ஆர். வைத்திருப்பவரும் அழைக்கலாம். 'இரண்டு வருடம் சேர்ந்து வாழாவிட்டால் பி.ஆர். பறிபோகும்' என்ற பேச்சு இன்னும் பல வீடுகளில் ஓடுகிறது. அந்த விதி 2017 ஏப்ரலிலேயே நீக்கப்பட்டுவிட்டது. கொடுமையான கணவரிடம் சிக்கிய பெண்கள் இந்தப் பழைய பயத்தால் வாய் திறக்காமல் இருக்கத் தேவையில்லை.

அங்கே தேர்வு வேறு வகையானது. கனடாவுக்கு வெளியிலிருந்து போடும் விண்ணப்பம், உள்ளே இருந்துகொண்டு போடும் விண்ணப்பம் என்று இரண்டு. வெளியிலிருந்து போட்டு மறுக்கப்பட்டால் ஸ்பான்சர் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். உள்ளே இருந்து போட்டு மறுக்கப்பட்டால் அந்த உரிமை கிடையாது. உள்ளிருந்து போட்டவர் நடுவில் ஊருக்கு வந்து, திரும்பும்போது விமான நிலையத்தில் அனுமதி மறுக்கப்பட்டால் விண்ணப்பமே கவிழும். ஏற்கெனவே படிப்பு அல்லது வேலை அனுமதியோடு அங்கே வாழ்பவருக்கு உள்வழி பொருந்தும். மற்றவர்கள் வெளிவழியில் போவதே பாதுகாப்பு. ஏற்பாட்டுத் திருமணமாகப் பெரியவர்கள் பேசி முடித்து, தம்பதி சேர்ந்திருந்தது கொஞ்ச நாட்களே என்றால் 'உண்மையான திருமணமா' என்ற கேள்வி எழ வாய்ப்பு அதிகம். அவர்களுக்கு மேல்முறையீட்டு உரிமையின் அருமை தெரியும்.

பிரிட்டனில் எல்லாம் சம்பளத்தில் நிற்கிறது. 18,600 பவுண்டாக இருந்த ஆண்டு வருமான வரம்பு 2024 ஏப்ரல் 11 முதல் 29,000 ஆனது. ஊரிலிருந்து புறப்படுபவரின் சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்கில் வராது. அங்கே இருப்பவரின் வருமானம்தான் பேசும். சேமிப்பை மட்டும் காட்டுவதென்றால் 88,500 பவுண்டு ஆறு மாதம் கையில் இருந்திருக்க வேண்டும். இதோடு ஆண்டுக்கு 1,035 பவுண்டு வீதம் சுகாதாரக் கூடுதல் கட்டணத்தை மொத்தமாக முன்கூட்டியே கட்ட வேண்டும். பிரிட்டனுக்கும் நிச்சயதார்த்த விசா உண்டு: ஆறு மாதம், வேலை செய்யக் கூடாது, மணந்தபின் இன்னொரு முறை கட்டணம். அங்கேயே மணம் நடந்தாக வேண்டிய கட்டாயம் இருந்தாலொழிய அது வீண்செலவு. ஸ்பான்சர் வேலை மாறியிருந்தால், புதிய இடத்தில் ஆறு மாதச் சம்பளச் சீட்டு சேரும்வரை பொறுத்து விண்ணப்பிப்பதே சுருக்கமான வழி. ஜெர்மனிக்குப் பெரும்பாலோருக்கு ஏ1 நிலை ஜெர்மன் சான்றிதழ் வேண்டும். காத்திருக்கும் மாதங்களில் சென்னை கொதே நிலையத்தில் அதை முடித்துவிடலாம். போய் இறங்கியதும் வேலை பார்க்க அங்கே தடையில்லை.

பலர் எண்ணிப்பார்க்காத வழி ஒன்று இருக்கிறது: வெளிநாட்டுத் துணைவர் இங்கே வந்துவிடுவது. இந்தியரின் துணைவருக்கு நுழைவு விசா என்ற எக்ஸ் விசா கிடைக்கும். பதிவு செய்த திருமணம் இரண்டாண்டு நீடித்தால் ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்கலாம், அதில் வேலையும் பார்க்கலாம். தூரத்திலிருந்தே வேலை செய்யக்கூடியவராக அவர் இருந்தால், ஓராண்டுப் பிரிவைச் சென்னையிலோ மதுரையிலோ சேர்ந்தே கழிக்கலாம். சேர்ந்து வாழ்ந்ததற்கு ஆதாரமும் சேரும். இங்கே தங்கும் காலத்தில் வேலை, வரி விதிகளை மட்டும் முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கக் குடிமகன் என்றால் திரும்பிப் போய் அங்கேயே குடியிருக்கும் திட்டத்தையும் காகிதத்தில் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஸ்பான்சர் பத்திரம் செல்லாது.

எந்த வழியானாலும் தமிழர்களின் கோப்பு தடுக்கி விழும் இடம் பெயர். பள்ளிச் சான்றிதழில் 'எஸ். கவிதா', ஆதாரில் 'கவிதா எஸ்', பாஸ்போர்ட்டில் 'கவிதா சுப்பிரமணியன்', திருமணச் சான்றிதழில் 'கவிதா, த/பெ சுப்பிரமணியன்'. ஊரில் யாருக்கும் இது குழப்பமில்லை. அதிகாரியின் மேசையில் நான்கு பேர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் இயற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று அச்சாகும். இயற்பெயர் தெரியாதவர் என்று பொருள். அது பிறகு ஓட்டுநர் உரிமம்வரை கூடவே வரும். பழைய பிறப்புச் சான்றிதழ்கள் பலவற்றில் குழந்தையின் பெயரே இராது; அதை முதலில் சேர்க்க வேண்டும். இனிஷியலை விரித்து, எல்லாப் பெயர்களும் ஒருவரே என்ற பிரமாணப் பத்திரத்தோடு, விண்ணப்பத்துக்கு முன்பே பாஸ்போர்ட்டைத் திருத்திக்கொள்ள வேண்டும். கோப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது பாஸ்போர்ட்டை மாற்றினால் எண்ணே மாறும்.

தாமதம் வந்தபின் செய்யக்கூடியவையும் உண்டு. கனடாவில் இருப்பவர் தகவல் பெறும் சட்டத்தின்கீழ் 5 டாலர் கட்டி, கோப்பில் அதிகாரி எழுதிய குறிப்புகளைக் கேட்டு வாங்கலாம், தொகுதி எம்.பி. அலுவலகம் மூலம் விசாரிக்கலாம். அமெரிக்காவிலும் காங்கிரஸ் உறுப்பினர் அலுவலகம் இதைச் செய்யும். எம்.பி., காங்கிரஸ் உறுப்பினர் அலுவலகங்கள் மூலமான விசாரணைகளுக்குக் கட்டணம் கிடையாது. 'உள்ளே ஆள் இருக்கிறது' என்று பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

சென்னை ஐ.டி. நிறுவனங்களில் 90 நாள் நோட்டீஸ் வழக்கம். அமெரிக்கக் குடியேற்ற விசாவுக்குப் பொதுவாக ஆறு மாத அவகாசம் இருப்பதால், விசா வந்தபின் ராஜினாமா செய்தாலும் நேரம் போதும். நேர்காணல் நன்றாக முடிந்தது என்ற மகிழ்ச்சியில் வேலையை விட்டுவிடாதீர்கள். அதிகாரி இன்னும் ஆவணம் கேட்டு 221(ஜி) சீட்டு கொடுத்தால், அது எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. பாஸ்போர்ட் விசாவோடு கைக்கு வரட்டும். பெயரும் பிறந்த தேதியும் சரியா என்று பாருங்கள். பிறகு ராஜினாமாக் கடிதம் கொடுங்கள்.