பனம்பழத்தை விழச்செய்தது யார்?

நேற்றுவரை ஒழுங்காக இயங்கிய காணொளித் தொகுப்பு மென்பொருள், கணினி தன்னைப் புதுப்பித்துக்கொண்ட மறுநாள் திறந்த வேகத்திலேயே மூடிக்கொள்கிறது. குறும்படப் போட்டிக்கோ தமிழ்மொழிக் கழக விழாவுக்கோ காணொளி தயாரிக்கும் மாணவர் பலருக்கும் இது பழக்கமான தொல்லைதான். "புதுப்பித்ததால்தான் கெட்டது" என்று உடனே தீர்ப்பளித்துவிடுகிறோம். சில வேளைகளில் அது உண்மையே. ஆனால், காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக, ஒன்றன்பின் ஒன்றாக நடந்த இரண்டுக்கும் தொடர்பே இல்லாமலும் இருக்கலாம். தொடர்பு இருந்தாலும், நாம் சந்தேகிக்கும் காக்கை வேறு, உண்மையில் கிளையில் அமர்ந்த காக்கை வேறு என்றும் ஆகலாம். இதற்கு ஒரு நல்ல சான்று உண்டு.

2019ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள், திங்கட்கிழமை. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் திரைப்படம், தொலைக்காட்சித் துறைகளைச் சேர்ந்த படத்தொகுப்பாளர்கள் பலரின் மேக் புரோ கணினிகள் முடங்கத் தொடங்கின. அணைத்துவிட்டு மீண்டும் இயக்க முயன்றால் கணினி எழவே இல்லை. முடங்கிய கணினிகளில் பொதுவாகக் காணப்பட்டது ஏவிட் மீடியா கம்போசர் என்ற மென்பொருள். 1989இல் அறிமுகமாகி, ஹாலிவுட் படத்தொகுப்புக் கூடங்களில் நெடுங்காலமாகக் கோலோச்சும் மென்பொருள் அது. எனவே, பழி ஏவிட்டின்மேல் விழுந்தது. நச்சுநிரல் தாக்குதலோ என்ற அச்சமும் பரவியது. "வேலையைப் படியெடுத்து வையுங்கள், கணினியை அணைக்காதீர்கள்" என்ற எச்சரிக்கை தொகுப்புக் கூடங்களுக்கிடையே விரைந்தது.

உண்மை ஓரிரு நாளில் வெளிவந்தது. குற்றவாளி ஏவிட் அல்ல. கூகுள் குரோம் உலாவியின் புதுப்பிப்பு! உலாவியைப் பின்னணியில் புதுப்பிக்கும் சிறிய நிரலில் ஒரு பிழை இருந்தது. மேக் இயங்குதளத்தில் 'வார்' என்ற பெயரில் ஓர் இணைப்பு உண்டு. முக்கியமான கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று காட்டும் கைகாட்டிப் பலகையைப் போன்றது அது. புதுப்பிப்பு நிரல் அந்தப் பலகையைப் பிடுங்கி எறிந்துவிட்டது. ஓடிக்கொண்டிருந்த கணினி ஓரளவு சமாளித்தது. அணைத்து எழுப்பியபோது வழி தெரியாமல் நின்றுவிட்டது.

அப்படியானால், குரோம் வைத்திருந்த எல்லா மேக் கணினிகளும் முடங்கியிருக்க வேண்டுமே? முடங்கவில்லை. ஆப்பிள் நிறுவனம் 2015இல் வெளியிட்ட எல் கேப்பிட்டன் பதிப்பிலிருந்து, இயங்குதளத்தின் அடிப்படைக் கோப்புகளில் பிற மென்பொருள்கள் கைவைக்க முடியாதபடி ஒரு காவல் ஏற்பாடு இருந்துவருகிறது. சாதாரணப் பயனரின் கணினியில் அந்தக் காவல் விழித்திருந்ததால் குரோமின் பிழை எதையும் கெடுக்க முடியவில்லை. படத்தொகுப்பாளர்கள் சிலரோ, ஆப்பிள் தயாரிக்காத கிராஃபிக்ஸ் அட்டைகள் போன்ற சாதனங்களைப் பயன்படுத்துவதற்காக அந்தக் காவலை அணைத்து வைத்திருந்தார்கள். காவல் இல்லாத வீட்டில்தான் பிழை புகுந்தது. ஏவிட் அந்த வீட்டில் குடியிருந்தது, அவ்வளவே.

இந்த நிகழ்ச்சியில் என்னை மிகவும் கவர்வது, கேள்வி கேட்கும் முறை குறித்து அது தரும் பாடம்தான். 'பாதிக்கப்பட்டவர்களிடம் பொதுவாக என்ன இருக்கிறது?' என்று மட்டும் கேட்டால் விடை ஏவிட் என்றே வரும். 'ஏவிட் இருந்தும் பாதிக்கப்படாதவரிடம் என்ன இல்லை? ஏவிட் இல்லாமலும் பாதிக்கப்பட்டவர் உண்டா?' என்று கேள்வியைத் திருப்பிப் போட்டால்தான் வழி திறக்கும்.

இனி, நம் கணினிக்கு வருவோம். புதுப்பிப்புக்குப் பிறகு மற்ற மென்பொருள்கள் நன்றாக இயங்கும்போது, காணொளித் தொகுப்பு மென்பொருள் மட்டும் ஏன் முதலில் படுத்துவிடுகிறது? அதன் வேலைப்பளுவே காரணம். அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள் கொண்ட ஒரு படச்சட்டத்தில் 20 இலட்சத்துக்கும் அதிகமான புள்ளிகள் உள்ளன. விநாடிக்கு 25 சட்டங்கள் ஓடினால் 51 மில்லியனுக்கும் மேற்பட்ட புள்ளிகளைக் கணக்கிட வேண்டும். அதன்மேல் வண்ணத் திருத்தம், எழுத்து, காட்சி மாற்றம் என்று நாம் அடுக்கிக்கொண்டே போகிறோம். இவ்வளவையும் மையச் செயலி மட்டும் சுமக்க முடியாது என்பதால் வரைகலைச் செயலியின் துணை நாடப்படுகிறது. மென்பொருளுக்கும் வரைகலைச் செயலிக்கும் இடையே நின்று, ஒருவர் பேச்சை மற்றவருக்குப் புரியவைக்கும் மொழிபெயர்ப்பாளர்தான் டிரைவர் எனப்படும் இயக்கி. கட்டுரை தட்டச்சு செய்பவருக்கு இந்த மொழிபெயர்ப்பாளர் எப்போதாவது இரண்டு சொல் பேசினால் போதும். காணொளி தொகுப்பவருக்கு அவர் மூச்சுவிடாமல் பேசவேண்டும். மொழிபெயர்ப்பாளர் மாறினால் யார் முதலில் தடுமாறுவார் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

விண்டோஸ் இயங்குதளத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. வரைகலைச் செயலியிடம் கொடுத்த வேலைக்கு இயல்பாக 2 விநாடிக்குள் மறுமொழி வராவிட்டால், அது உறைந்துவிட்டதென்று கருதி, விண்டோஸ் அதன் இயக்கியை மறுபடியும் தொடங்கிவிடும். திரை ஒரு கணம் கறுத்து மீள்வது அதனால்தான். கணினி பிழைத்துக்கொள்ளும். ஆனால், அந்த நேரத்தில் வரைகலைச் செயலியின் நினைவகத்தில் தொகுப்பு மென்பொருள் வைத்திருந்தவை எல்லாம் பறிபோயிருக்கும். சில மென்பொருள்கள் சமாளிக்கும். சில சட்டென்று மூடிக்கொள்ளும்.

மென்பொருள் முடங்கியதும் பதறவேண்டாம். நீங்கள் படம்பிடித்த காட்சிகள் பத்திரமாகவே இருக்கும். தொகுப்புத் திட்டக் கோப்பில், பொதுவாக, காணொளி இருப்பதில்லை. எந்தக் காட்சி எங்கே இருக்கிறது, எந்த விநாடியில் வெட்டினீர்கள் என்ற குறிப்புகளே இருக்கும். அந்தச் சிறிய கோப்பு போனால்தான் உழைப்பு போகும். ஆகவே, முதல் வேலையாக அதை வேறோர் இடத்தில் படியெடுத்து வைக்கவேண்டும். புதுப்பிக்கப்பட்டது தொகுப்பு மென்பொருளே என்றால் இது இன்னும் முக்கியம். புதிய பதிப்பில் திறந்து சேமித்த திட்டத்தைப் பழைய பதிப்பு பெரும்பாலும் திறக்காது. படி இல்லாவிட்டால் திரும்பிப்போகும் பாலம் எரிந்துவிடும்.

அடுத்து நாள்களைப் பொருத்திப் பார்க்கலாம். விண்டோஸ் தேடுபெட்டியில் 'ரிலையபிலிட்டி' என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டினால் 'ரிலையபிலிட்டி மானிட்டர்' என்ற வரைபடம் திறக்கும். ஒவ்வொரு நாளும் எந்த மென்பொருள் முடங்கியது, எந்தப் புதுப்பிப்பு நிறுவப்பட்டது என்பவை அதில் ஒரே கட்டத்தில் தெரியும். முடக்கம் புதுப்பிப்புக்கு முன்பே தொடங்கியிருந்தால் புதுப்பிப்பு நிரபராதி. ஏனோ, இந்த வரைபடம் இருப்பதே பலருக்குத் தெரியாது. ஒரு மணி நேர ஊகத்தை இரண்டு நிமிடத்தில் தீர்த்துவைக்கக்கூடியது.

பிறகு சோதனை. ஒரு புதிய, வெறுமையான திட்டத்தைத் திறந்து, ஒரே ஒரு காட்சியை இட்டு ஓடவிடுங்கள். அது ஒழுங்காக ஓடினால் சிக்கல் உங்கள் திட்டத்திலோ அதிலுள்ள ஏதேனும் ஒரு கோப்பிலோ இருக்கலாம். அதுவும் முடங்கினால் வரைகலைச் செயலியின் உதவியை நிறுத்திப் பாருங்கள். பிரீமியர் புரோ மென்பொருளில், திட்ட அமைப்புகளில் 'சாஃப்ட்வேர் ஒன்லி' என்பதைத் தேர்ந்தெடுத்தால் வேலை மையச் செயலிக்கு மாறும். வேகம் ஆமைதான். ஆனால், முடக்கம் நின்றுவிட்டால் சந்தேகம் இயக்கியின் பக்கம் சாய்கிறது. காலக்கெடு நெருங்கிவிட்டால், அந்த ஆமை வேகத்திலேயே காணொளியை ஏற்றுமதி செய்து ஒப்படைத்துவிடலாம். ஆராய்ச்சியைப் பிறகு தொடரலாம்.

இயக்கிதான் காரணம் என்று தெரிந்தால், விண்டோஸின் 'டிவைஸ் மேனேஜர்' பகுதியில் முந்தைய இயக்கிக்குத் திரும்பும் 'ரோல் பேக் டிரைவர்' என்ற பொத்தான் உள்ளது. பழைய இயக்கி கணினியில் எஞ்சியிருந்தால்தான் அது வேலை செய்யும். இல்லையேல் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து பழைய பதிப்பைப் பெறவேண்டும். என்விடியா நிறுவனம் 2019 முதல், விளையாட்டுகளுக்கான இயக்கியோடு, படைப்பாக்க மென்பொருள்களில் சோதித்த 'ஸ்டூடியோ' இயக்கியையும் தனியே வழங்கி வருகிறது. மேக் கணினியிலோ இயக்கிகள் இயங்குதளத்தோடு சேர்ந்தே வருவதால் இயக்கியை மட்டும் பின்னுக்கு இழுக்க வழியில்லை.

ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும். இயக்கியை மாற்றி, செருகுநிரல்களை நீக்கி, தற்காலிகக் கோப்புகளையும் அழித்த பிறகு மென்பொருள் ஓடினால் மகிழ்ச்சிதான். ஆனால், எது மருந்து என்று தெரியாது. அடுத்த மாதம் அதே நோய் வந்தால் மூன்றையும் மறுபடி செய்யவேண்டும். 'எல்லாவற்றையும் நீக்கிவிட்டு மீண்டும் நிறுவு' என்ற அறிவுரையை நான் கடைசிப் படியாகவே வைப்பேன். அது தடயங்களையும் சேர்த்தே துடைத்துவிடுகிறது.

இவ்வளவு தொல்லை என்றால் புதுப்பிக்காமலே இருந்துவிடலாமா? கூடாது. பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பவையும் இந்தப் புதுப்பிப்புகளே. நேரத்தைத்தான் நாம் தேர்ந்துகொள்ள வேண்டும். தொழில்முறைத் தொகுப்பாளர்கள் ஒரு படம் முடியும்வரை கணினியில் எதையும் மாற்றாமல் வைத்திருப்பது வழக்கம். விண்டோஸ் 11இல் புதுப்பிப்பை 5 வாரம்வரை தள்ளிவைக்கலாம். பெரிய பதிப்பு மாற்றத்துக்குப் பிறகு பழைய பதிப்புக்குத் திரும்ப இயல்பாக 10 நாள் அவகாசம் உண்டு.

இத்தனைக்குப் பிறகும் தீராவிட்டால் கணினிக் கூடப் பொறுப்பாசிரியரிடம் செல்லுங்கள். "ஐயா, மென்பொருள் ஓடவில்லை" என்று மட்டும் சொன்னால் அவர் முதற்படியிலிருந்து தொடங்கவேண்டும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "ஐயா, செவ்வாய்க்கிழமை இரவு இயக்கி மாறியிருக்கிறது. புதன்கிழமை முதல் காணொளியை ஏற்றுமதி செய்யும்போது மட்டும் மென்பொருள் மூடிக்கொள்கிறது. வெறுமையான திட்டத்திலும் அப்படியே. வரைகலைச் செயலியை நிறுத்தினால் முடங்குவதில்லை. பிழைச் செய்தியைப் படம்பிடித்து வைத்திருக்கிறேன். திட்டக் கோப்பின் படி என் விரலியில் இருக்கிறது."