மாத்திரை வேளையும் மனத்தின் வேளையும்

பார்க்கின்சன் நோய் வந்தவனுக்கு விசனம் உண்டாவது சகஜந்தானே, அதற்குத் தனியாக வைத்தியம் எதற்கு என்று கேட்கும் நண்பர்களுக்கு, இந்நோயோடு வாழ்ந்துவரும் நான் சொல்லும் பதில் ஒன்றுண்டு. மூளையில் டோப்பமீன் குறைவதோடு செரோட்டோனின் முதலிய பிற ரசாயனங்களின் கிரமமும் குலைவதால், மனச்சோர்வு என்பது நோயை நினைத்து வரும் கவலை மாத்திரமன்று, நோயின் ஓர் அங்கமுமாகும். சிலருக்குக் கைந்நடுக்கம் தோன்றுவதற்கு முன்னரே அது வந்துவிடுகிறது.

அப்படியானால் பேச்சினால் என்ன பிரயோஜனம் என்பாருமுண்டு. அமெரிக்காவில் ரோசான் டாப்கினும் சகாக்களும் 80 நோயாளிகளிடம் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சி.பி.டி. எனப்படும் பேச்சுச் சிகிச்சையை வாரம் ஒரு முறையாகப் பத்து வாரம் பெற்றவர்கள், வழக்கமான மருத்துவக் கண்காணிப்பில் மட்டும் இருந்தவர்களைக் காட்டிலும் தெளிவாகத் தேறினார்கள்.

என் அனுபவத்தில் முதலில் கவனிக்க வேண்டியது நேரம். இந்நோய்க்கு உண்ணும் லெவோடோப்பா மாத்திரையின் பலம் இறங்கும் வேளையில் உடம்போடு மனமும் இறங்கிவிடுமாதலால், மாத்திரை நன்றாக வேலை செய்யும் வேளைக்கே பேச்சுச் சிகிச்சை தரும் ஆலோசகரிடம் நேரம் கேட்டு வாங்குவது உத்தமம். மாத்திரை வேளையையும் மனநிலையையும் ஒரே நோட்டில் குறித்துவந்தால் நரம்பியல் மருத்துவருக்கும் அது உபயோகப்படும்.

அடுத்து, முகத்தசை இறுகிப் பாவமற்றிருப்பதும், குரல் தணிந்திருப்பதும், பதில் தாமதிப்பதும் நோயின் லட்சணங்களேயன்றி அசிரத்தையல்ல என்பதை முதல் சந்திப்பிலேயே ஆலோசகரிடம் சொல்லிவிட வேண்டும்.

இப்பேச்சுச் சிகிச்சை ஆறுதல் மொழியோ உபதேசமோ அன்று. கல்யாணப் பந்தியில் கை நடுங்கினால் எல்லோரும் என்னையே பார்ப்பார்கள் என்று நான் சொன்னபோது, அதை மறுக்காமல், அஞ்சுவதை முன்கூட்டி எழுதிக்கொண்டு சிறிது நேரமாவது போய்வந்து, நடந்ததைப் பக்கத்திலேயே எழுதும்படி ஆலோசகர் பணித்தார். போய்ப் பார்த்தால், அவரவர் கவனம் அவரவர் இலையில் இருந்தது!

வீட்டில் ஒருவராவது இம்முறையைக் கற்பது அவசியம். முன்பெல்லாம் கவலைப்படாதீர்கள் என்றே சொல்லிவந்த என் மனைவி, இப்போது இன்று எதை எழுதினீர்கள் என்று கேட்கிறாள். அந்தக் கேள்விக்காகவே எழுதிய நாட்களுண்டு.

போய்வரச் சிரமமுள்ளவர்கள் தொலைபேசி வழியாகவும் இச்சிகிச்சையைப் பெறலாம். மத்திய அரசின் டெலி மானஸ் என்னும் இலவச மனநல உதவி எண் 14416-இல் தமிழிலேயே பேசி வழி கேட்கலாம். பேச்சுச் சிகிச்சை பலிக்கிறதென்று மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினாலோ, அடுத்த அமர்வுக்குக் காத்திராமல் அக்கணமே வீட்டாரிடமும் மருத்துவரிடமும் சொல்லிவிட வேண்டும்.