பச்சைப் பலகையில் கட்டில் செய்யலாமா?

மகளுக்குச் சீராகக் கொடுக்கவென்று சேமலாப நிதிக் காசை எடுத்துக் கட்டிலும் அலுமாரியும் செய்விக்கிறோம். ஆறு மாதத்தில் அலுமாரிக் கதவு மூடாது; கட்டில் பலகை வெடித்து நிற்கும். "பாஸ் ஏமாத்திட்டாரு" என்று சண்டைக்குப் போகிறோம். பல நேரங்களில் பிழை பாஸின் வேலையில் இல்லை, பலகை காயாததில்தான்.

ராகலைப் பக்கம் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் தேயிலைக்கு நிழலாக நட்ட சவுக்கும், டர்பன்டைன் என்று நாம் சொல்லும் யூகலிப்டசும். அறுத்த புதிதில் இரண்டிலும் தண்ணீர் நிறைய இருக்கும். காய்ந்த மரத்தின் எடையில் நூற்றுக்கு 30 பங்கு என்ற அளவுக்கு ஈரம் இறங்கும் வரை பலகை அவ்வளவாகச் சுருங்காது. அதற்குக் கீழே போகும்போதுதான் சுருங்கும். அதுவும் ஒரே மாதிரி இல்லை. மர வளையத்தின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து பட்டைப் பக்கமாகச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. பலகை வளைவது இதனாலேதான். இந்தச் சுருக்கம் முழுவதும் பாஸின் கைக்குப் போகுமுன் அடுக்கிலேயே முடிய வேண்டும்.

அறுத்த அன்றைக்கே பலகையின் இரண்டு முனைகளுக்கும் பழைய பெயின்ட் அல்லது உருக்கிய மெழுகுதிரி பூசுங்கள். முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக ஓடும். டர்பன்டைன் அங்கேதான் முதலில் வெடிக்கும். பிறகு தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கல் வைத்து, மட்டம் பார்த்து அடுக்குங்கள். இரண்டு வரிசைக்கு இடையில் ஓர் அங்குலக் காய்ந்த ரீப்பை, இரண்டடிக்கு ஒன்று. மேல் ரீப்பை கீழ் ரீப்பைக்கு நேராக நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பலகை கோணும். மேலே தகரம், அதன்மேல் பாரமான கல். பக்கங்களை மூடவே கூடாது. காற்றுதான் வேலை செய்கிறது. வெயிலும் நேரே படக்கூடாது.

சிலர் லயத்தில் அடுப்புக்கு மேலே பலகையைச் சொருகி வைக்கிறார்கள். மேற்புறம் சீக்கிரம் காய்ந்து இறுகும், உள்ளே ஈரம் அப்படியே கிடக்கும், பிறகு வெடிக்கும். அகப்பைக் காம்புக்கு அது போதும், கட்டிலுக்கு ஆகாது.

அங்குலத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. அதைவிடத் தராசை நம்பலாம். அடுக்கிலிருந்து ஒரே பலகையை மாதந்தோறும் நிறுத்து எழுதி வையுங்கள். பெப்ரவரி, மார்ச் மாதிரி நல்ல வெயில் காலத்திலும் எடை குறையாமல் நின்றால் காய்ந்துவிட்டது. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 80 இருக்கும் இடத்தில் மரம் ஏறக்குறைய 16 பங்கு ஈரத்தோடு நின்றுவிடும். அதனால் வேலைக்கு முன் மூன்று, நான்கு வாரம் வீட்டுக்குள்ளே வையுங்கள்.

மில்லில் வாங்குகிறவர்கள் எப்போது அறுத்தது என்று கேட்டு வாங்குங்கள். கல்யாணத் தேதி கிட்ட வந்துவிட்டதென்றால் பழைய பலகையாகத் தேடுவதே நல்லது.