வாவியின் பச்சையும் மீனின் முள்ளும்

கிரகரி வாவியில் பிடிபடும் மீன்கள் ஆதியிலிருந்தே அங்கே இருந்தவையா, யாராவது கொண்டுவந்து விட்டவையா?
– நானுஓயாவிலிருந்து ஒரு மாணவி

ஆதியில் அங்கே வாவியே இல்லை, மகள். நுவரெலியாவில் சதுப்பாகக் கிடந்த பள்ளத்தில் ஓடையை மறித்து, 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் அதைக் கட்டினார்கள். 1881இல் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெ மெசூரியர் அதில் ட்ரவுட் மீன் விட்டார். மக்களுக்கு உணவாகட்டும் என்று விட்டதல்ல அது. தூண்டிலோடு பொழுது போக்க வந்த வெள்ளைக்காரர்களுக்காக விட்டது. ஆனால் ட்ரவுட் முட்டையிடக் குளிர்ந்த ஓடும் நீரும் பரல்கற்களும் வேண்டும். ஹோட்டன் சமவெளி ஓடைகளில் வானவில் ட்ரவுட்டுக்கு அது கிடைத்தது, அங்கே பெருகிவிட்டது. தேங்கி நிற்கும் நீர் அதற்கு ஒத்துவரவில்லை. அப்படிப்பட்ட நீருக்கு ஏற்ற மீன் கார்ப். மலைநாட்டு நீர்நிலைகளுக்காகவே அதை 1915இல் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்தார்கள். ஆப்பிரிக்கத் திலாப்பியா 1952இல் நாட்டுக்குள் வந்தது. இன்று நன்னீர் மீன்பிடியில் பெரும்பங்கு திலாப்பியா வகைகளுக்குத்தான்.

இதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. ஆற்றோரத்து வில்லுகளை விட்டால் இலங்கையில் இயற்கை ஏரி என்று சொல்ல ஏதுமில்லை. குளங்களும் நீர்த்தேக்கங்களும் மனிதன் கட்டியவை. அதனால் நம் நாட்டு மீன்கள் ஆற்றுக்குப் பழகியவை. விரிந்த ஏரியின் நடுநீரில் வாழ்ந்து பழகிய இனம் இங்கே அரிது. வந்த மீன் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. காசல்ரீ அணை 1965இலும் மவுசாகலை அணை 1969இலும் எழுந்தபோதும் இதுவேதான் நடந்தது. பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கிய இடத்தில் இப்போது மீன் பிடிக்கிறார்கள்.

காசல்ரீயில் மீன்குஞ்சு விட்டால் தண்ணீர் சுத்தமாகும் என்கிறார்கள். என் தாத்தாவோ, மீன் பெருகினால்தான் தண்ணீர் பச்சையாகும் என்பார். எது சரி?
– நோர்வூட்டிலிருந்து ஒரு வாசகர்

உங்கள் தாத்தா நிறையக் கவனித்தவர். மற்றவர்கள் சொல்வதும் முழுப் பொய்யல்ல. எந்த மீன், எவ்வளவு மீன், அது எதைத் தின்கிறது என்பதையெல்லாம் பார்த்துத்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும்.

தண்ணீரின் பச்சை என்பது கண்ணுக்குத் தெரியாத பாசி. பாசிக்கும் தேயிலைக்கும் தேவைப்படுவது ஒன்றேதான்: நைதரசனும் பொஸ்பரசும். நன்னீரில் பெரும்பாலும் முதலில் தட்டுப்பாடாவது பொஸ்பரஸ். அது கொஞ்சம் கூடினாலும் பாசி பொங்கும்.

மீன் எதைத் தின்றாலும் அதில் ஒரு பகுதியைத்தான் உடம்பாக்குகிறது. மிச்சம் வெளியே போகிறது. நைதரசன் பெரும்பாலும் அமோனியாவாகச் செவுள் வழியாகவே கரைந்துவிடும். பொஸ்பரஸ் சிறுநீரிலும் மலத்திலும் போகும். பாசி காத்திருக்கவே வேண்டாம், இந்தக் கழிவை அப்படியே எடுத்துக்கொள்ளும். இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று: உடம்பின் ஒவ்வொரு கிராமுக்கும் கணக்கிட்டால் சின்ன மீன்தான் அதிகம் கழிக்கிறது. ஆயிரம் குஞ்சுகளின் மொத்த எடையும் பத்துப் பெரிய மீன்களின் எடையும் ஒன்றாகவே இருந்தாலும், ஒரு நாளில் தண்ணீருக்குக் குஞ்சுகள் கொடுப்பதே கூடுதல். நீர் சூடேறினால் இந்த வேகமும் ஏறும். நுவரெலியாவின் குளிர்நீரில் இருக்கும் மீனைவிடத் தாழ்நில வெப்பத்தில் இருக்கும் மீன் வேகமாகத் தின்று வேகமாகக் கழிக்கும்.

இதுவரை சொன்னது நீரில் ஏற்கெனவே இருந்த சத்து சுற்றிவருவது பற்றி. கார்ப் இன்னொன்றும் செய்கிறது. வாயை மண்ணில் புதைத்து, புழுவையும் பூச்சியையும் உறிஞ்சிச் சலித்துத் தின்னும் மீன் அது. நம் மலைச்சரிவிலிருந்து கழுவிவரும் செம்மண்ணில் இரும்பு அதிகம். அந்த இரும்பு பொஸ்பரசைப் பிடித்துக்கொண்டு அடியில் படிந்து கிடக்கும். கார்ப் அடியைக் கிளறினால் மண் மேலெழும்பி நீர் கலங்கும். அடியில் தின்று மேலே வந்து கழிப்பதால், புதைந்து கிடந்த சத்தும் மேல்நீருக்கு வந்துவிடும். உங்கள் தாத்தா பார்த்தது இதுவாக இருக்கலாம்.

திலாப்பியாவைப் பற்றி ஊரில் சொல்வதிலும் உண்மை உண்டு. அது பாசியைத் தின்கிறது. நீலப்பச்சைப் பாசியைச் செரிப்பது எளிதல்ல. திலாப்பியாவின் வயிற்று அமிலமோ பி.எச். 2க்கும் கீழே இறங்கும் அளவுக்குக் கடுமையானது, பாசியின் சுவரை உடைத்துவிடும். ஆனால் உகண்டாவின் ஜோர்ஜ் ஏரியில் இதை ஆராய்ந்த மொரியாட்டி 1973இல் எழுதியது நமக்கு முக்கியம். இரவு முழுக்கப் பட்டினி கிடந்த மீன் காலையில் தின்னத் தொடங்கும்போது அமிலம் இன்னும் சுரந்திருக்காது. முதலில் தின்ற பாசி செரிக்காமல், பச்சை மாறாமல் வெளியே வந்துவிடுகிறது. செரித்ததும்கூட அமோனியாவாகவும் பொஸ்பேட்டாகவும் தண்ணீருக்கே திரும்புகிறது. ஆகவே திலாப்பியாவை விட்டால் வாவி துடைத்தெடுத்ததுபோலத் தெளியும் என்று நம்பிவிடாதீர்கள்.

மீனைத் தின்னும் மீனை விட்டால் என்ன ஆகும் என்று அமெரிக்காவில் பார்த்தார்கள். மிச்சிகனில் பீட்டர், டியூஸ்டே என்று அருகருகே இரண்டு ஏரிகள். 1985இல் கார்பென்டர், கிச்செல் முதலானோர் பீட்டரிலிருந்த பெரிய பாஸ் மீன்களில் பெரும்பகுதியை டியூஸ்டேக்கும், டியூஸ்டேயின் சின்ன மீன்களைப் பீட்டருக்கும் மாற்றிவிட்டார்கள். டியூஸ்டேயில் சின்ன மீன் குறைந்தது. அவை தின்றுவந்த நீர்த்தெள்ளுகள் பெருத்தன. நீர்த்தெள்ளு பாசியைத் தின்னும், அதனால் பாசியும் குறைந்தது. தலைமீன் மாறியதில் அடிப்பாசி வரை எல்லாம் மாறிப்போனது. அழகான சோதனை. ஆனால் அதை அப்படியே காசல்ரீக்குக் கொண்டுவர நான் சொல்லமாட்டேன். வெப்பமண்டல நீரில் அவ்வளவு பெரிய நீர்த்தெள்ளு அரிது. இங்கே திலாப்பியா நேரடியாகவே பாசியைத் தின்கிறது, காலம் பாராமல் குஞ்சும் பொரிக்கிறது.

பின்லாந்தின் வெசியார்வி ஏரி சொல்வது வேறு கதை. லாஹ்தி நகரத்துச் சாக்கடையை 1976இல் ஏரிக்கு வராமல் திருப்பிவிட்ட பிறகும் பச்சை போகவில்லை. அடியில் சேர்ந்திருந்த சத்தை மீன்களும் சேர்ந்து சுழற்றிக்கொண்டே இருந்தன. 1989 முதல் 1993 வரை ஆயிரம் டன்னுக்கு மேல் சின்ன மீனைப் பிடித்து வெளியேற்றியதும் பாசி மங்கியது. அந்த வரிசையை மறந்துவிடாதீர்கள். சாக்கடை முதலில் நின்றது, மீன் பிறகுதான் வெளியேறியது. மாற்றிச் செய்திருந்தால் அத்தனை உழைப்பும் வீணாகியிருக்கும்.

நமக்கும் இதுவே. கிரகரி வாவி நீர் நானுஓயா வழியாகக் கொத்மலை ஓயாவுக்குப் போகிறது. அந்த வழி நெடுக உருளைக்கிழங்கு, லீக்ஸ், கரட் பாத்திகள், கோழி எரு, நகரக் கழிவுநீர், தேயிலைச் சரிவுகள். 1991இல் கொத்மலை நீர்த்தேக்கத்தில் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி பொங்கியது. அந்த இனம் நஞ்சும் உண்டாக்கக்கூடியது. மீன் சத்தைச் சுழற்றலாம், கிளறலாம், கொஞ்ச காலம் பிடித்து வைத்திருக்கவும் செய்யலாம். இல்லாத சத்தை அதனால் உண்டாக்க முடியாது. மலையிலிருந்து இறங்கியதுதான் வாவியில் சுழல்கிறது.

மீன் முள்ளை ரோசாச் செடி அடியில் புதைத்தால் செடி நன்றாக வரும் என்பார் எங்கள் அம்மாயி. முள்ளில் அப்படி என்ன இருக்கிறது, அது எங்கிருந்து வந்தது?
– பொகவந்தலாவையிலிருந்து ஒரு வாசகி

முள்ளில் இருப்பது கல்சியமும் பொஸ்பேட்டும் சேர்ந்த அப்பற்றைற்று வகைத் தாது. மீன் உடம்பிலுள்ள பொஸ்பரசில் பெரும்பகுதி முள்ளிலும் செதிலிலும்தான் இருக்கிறது. முள் தடித்த மீன் தின்னும் பொஸ்பரசை முள் கட்டவே எடுத்துக்கொள்வதால், கழிவில் அதைக் குறைவாகவே விடும் என்பதும் இதோடு சேர்ந்த செய்தி.

அதே தாது வகை அநுராதபுரம் மாவட்டத்து எப்பாவலவில் பாறையாக இருக்கிறது. 1971இல் கண்டுபிடித்தார்கள். அந்தப் பாறையை அரைத்த தூள்தான் உங்கள் தோட்டத்தில் போடும் ரொக் பொஸ்பேட். நெல்லுக்கு அது சரிவராது, கரையவே மாட்டேன் என்று நிற்கும். தேயிலை மண் புளித்த மண், பயிரும் பல ஆண்டு நிற்பது. அங்கே மெல்ல மெல்லக் கரைந்து உதவும். அடைமழையில் மண்ணோடு சேர்ந்து கான் வழியே ஓயாவுக்கும் போகும். பாசி அதை எடுக்கும், பூச்சி பாசியைத் தின்னும், மீன் பூச்சியைத் தின்னும். காசல்ரீயில் பிடித்த திலாப்பியாவின் முள்ளில் எப்பாவலப் பாறையின் பொஸ்பரஸ் இருக்கலாம். அம்மாயி அதைத் தோட்டத்து மண்ணுக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறார். நன்றாகப் பொடித்துப் புதையுங்கள், சீக்கிரம் சேரும்.

நீர்த்தேக்கத்தில் தூண்டில் போடும் நம் பிள்ளைகளால் வாவிக்குக் கேடா?
– மஸ்கெலியாவிலிருந்து

கேடில்லை. வாவியிலிருந்து சத்து வெளியேறுவதற்கு உள்ள சில வழிகளில் அதுவும் ஒன்று. ஒரு டன் மீனைப் பிடித்து எடுத்துப்போனால் அதோடு ஏறத்தாழ 25 கிலோ நைதரசனும் 4 முதல் 5 கிலோ பொஸ்பரசும் நீரை விட்டுப் போகின்றன. நைதரசன் கணக்கில் அது 50 கிலோ மூட்டை யூரியா ஒன்றுக்குச் சற்று மேல். பொஸ்பரஸ் கணக்கில் ஒரு மூட்டை ரொக் பொஸ்பேட்டைக்கூட எட்டாது. மேலே ஒவ்வொரு தோட்டத்திலும் எத்தனை மூட்டை இறங்குகிறது என்பது உங்களுக்குத் தெரியும். மீன்பிடித்து மட்டும் வாவியைக் காப்பாற்ற முடியாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

ஆனால் அந்த மீன் பிள்ளைகளின் தட்டுக்கு வர வேண்டும் என்று நான் மனதார ஆசைப்படுகிறேன். 2016ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் நுவரெலியா மாவட்டத்து ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாடு முழுவதற்கும் அது ஏறத்தாழ ஆறில் ஒருவர். லயத்து வாசலிலிருந்து பார்த்தால் நீர் தெரிகிற ஊர்களில் இந்த நிலை இருக்கக் கூடாது. சின்ன மீனை நன்றாகப் பொரித்தோ, புளிவிட்டு நெடுநேரம் வேகவைத்தோ முள்ளோடு தின்றால் கல்சியமும் பொஸ்பரசும் சேர்ந்து கிடைக்கும். அனுமதி வேண்டிய இடத்தில் அனுமதி பெறுங்கள். மதகு அருகே பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள்.

விடியற்காலையில் மீன்கள் செத்து மிதந்தன. யாரோ மருந்து கலந்துவிட்டார்கள் என்று பேச்சு. வேறு காரணம் இருக்குமா?
– தலவாக்கலையிலிருந்து

இருக்கலாம். பாசி பகலில் ஒட்சிசனைக் கொடுக்கும், இரவில் தானே அதை இழுத்துக்கொள்ளும். பாசி மிகுந்த நீரில் ஒட்சிசன் மிகவும் இறங்குவது விடிவதற்குச் சற்று முன்னால்தான். மருந்தால் செத்தால் எந்த நேரமும் சாகும். மூச்சு முட்டிச் செத்தால் விடியலில்தான் பெரும்பாலும் காண்போம், பெரிய மீன்கள் முதலில் சாகும், உயிரோடு மிஞ்சியவை மேல்நீரில் வாயைப் பிளந்து நிற்கும். இவற்றைப் பார்த்துக் குறித்துவைத்துச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். எந்தக் காரணமாக இருந்தாலும் அந்த மீனைத் தின்ன வேண்டாம். நீரிலேயே அழுகவும் விட வேண்டாம், சதையிலுள்ள சத்து சில நாட்களில் கரைந்து அடுத்த பாசிக்குத் தீனியாகிவிடும். அள்ளியெடுத்து, பீலித் தண்ணீருக்கும் ஓடைக்கும் எட்டத்தில், ஆழமாகக் குழிவெட்டிப் புதைத்துவிடுங்கள்.