ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி: சென்னையில் பி.ஆர்க் முடித்து, கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவெண்ணும் வாங்கி, ஆறு வருடம் வேலை பார்த்தேன். சில மாதங்களுக்கு முன் கணவருக்கு மாற்றலாகி டல்லாஸ் வந்தோம். இங்கே ஓர் அலுவலகத்தில் சேர்ந்திருக்கிறேன். மின்னஞ்சலின் அடியில் என் பெயருக்குக் கீழே 'ஆர்க்கிடெக்ட்' என்று போட்டிருந்தேன். மேலாளர் தனியாகக் கூப்பிட்டு, "உடனே எடுத்துவிடுங்கள், சட்டப்படி தவறு" என்றார். அழுகை வந்துவிட்டது. ஆறு வருடம் செய்த தொழிலின் பெயரைச் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இல்லையா, ஐயா?
– ஒரு வாசகி, டல்லாஸ்

பதில்: எடுத்துவிடுங்கள் அம்மா, இன்றைக்கே. உங்கள் மேலாளர் உங்களுக்கு நல்லதுதான் செய்திருக்கிறார். டெக்சாஸில் உரிமம் இல்லாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டால் மாநில வாரியம் அபராதம் விதிக்கலாம். பிற்பாடு நீங்களே உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது அது குறுக்கே வந்து நிற்கும். இப்போதைக்கு 'டிசைனர்' என்று போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் படிப்பையோ அனுபவத்தையோ யாரும் குறைத்து மதிப்பிடவில்லை. இங்கே உரிமம் தருவது நாடு இல்லை, மாநிலம். 50 மாநிலங்கள், தலைநகர் வாஷிங்டன், போர்ட்டோ ரிக்கோ, குவாம் போன்ற நான்கு பகுதிகள் என்று மொத்தம் 55 இடங்களில் 55 வாரியங்கள். சிகாகோவில் 20 வருடம் தொழில் செய்தவரும் டல்லாஸில் ஒரு கட்டடத்துக்கு முத்திரை போட வேண்டுமானால் டெக்சாஸ் உரிமம் வாங்கித்தான் ஆக வேண்டும். இல்லினாய் 1897-ல் முதல் சட்டம் கொண்டுவந்தது. கடைசி மாநிலங்கள் வந்து சேர 1951 ஆயிற்று. (இல்லினாயில் சட்டம் வந்த மறு வருடமே உரிமம் பெற்ற மேரியன் மஹோனி என்ற பெண்மணி, 1930-களில் கணவரோடு நம் லக்னோவில் வந்து வேலை செய்தார். ஊர் மாறிப் போய்த் தொழிலைத் தொடர்ந்த பெண்களில் நீங்கள் முதல் ஆள் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.)

நம் ஊர்ச் சட்டத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. 1972-ல் வந்த நமது சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்று. ஆனால் அது காப்பது 'ஆர்க்கிடெக்ட்' என்ற பெயரை மட்டும்தான். பதிவு இல்லாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது, அந்த வேலையைச் செய்வதைச் சட்டம் தடுக்கவில்லை என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதனால்தான் நம் ஊரில் மேஸ்திரியும், டிப்ளமோ முடித்த தம்பியும் வீட்டுக்குப் பிளான் போடுகிறார்கள். அமெரிக்க மாநிலங்கள் பெயரோடு வேலையையும் சேர்த்து வேலி போட்டிருக்கின்றன. உரிமம் உள்ளவரின் மேற்பார்வையில் நீங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் வரையலாம், வடிவமைக்கலாம். தனியாக ஒரு பள்ளிக்கூடத்தை வடிவமைத்துத் தர முடியாது.

பள்ளிக்கூடம் என்று காரணத்தோடுதான் சொன்னேன். நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து கிழக்கே இரண்டு மூன்று மணி நேரம் கார் ஓட்டினால் நியூ லண்டன் என்ற ஊர் வரும். எண்ணெய்க் கிணறுகளால் பணம் கொழித்த ஊர். வெப்பத்துக்கான எரிவாயுவுக்குப் பணம் கட்டுவதை மிச்சப்படுத்த, பக்கத்து எண்ணெய் ஆலையிலிருந்து போகும் கழிவு வாயுக் குழாயில் பள்ளியை இணைத்தார்கள். வாயு கசிந்து தரைக்கு அடியில் இருந்த வெற்றிடத்தில் சேர்ந்துகொண்டே இருந்தது. அதற்கு மணம் கிடையாது, யாருக்கும் தெரியவில்லை. 1937 மார்ச் 18 பிற்பகல், பள்ளி விடும் நேரத்துக்குச் சற்று முன், பட்டறை வகுப்பில் ஒரு மின் எந்திரத்தை இயக்கினார்கள். தீப்பொறி. ஏறத்தாழ 300 பேர், பெரும்பாலும் குழந்தைகள், இறந்துபோனார்கள். எரிவாயுவில் நாற்றம் கலக்க வேண்டும் என்ற விதி டெக்சாஸில் அதற்குப் பிறகுதான் வந்தது. ஆர்க்கிடெக்டுகளுக்கும் பொறியாளர்களுக்கும் உரிமம் கட்டாயம் என்ற சட்டங்களும் அதே ஆண்டு வந்தன. உங்கள் மின்னஞ்சலின் அடியில் இருந்த அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது. அந்தப் பள்ளியின் குழந்தைகள் எவரும் அதைக் கட்டியவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவர்கள் சார்பில் யார் பதில் சொல்வது என்று கேட்கத்தான் மாநிலம் உரிமம் வைத்திருக்கிறது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. படிப்பு, பணியனுபவம், தேர்வு என்று மூன்று படி. வாரியங்கள் சேர்ந்து 1919-ல் என்கார்ப் என்ற அமைப்பை உண்டாக்கின. அனுபவக் கணக்கையும் தேர்வையும் நடத்துவது அதுதான். முதல் வேலையாக அங்கே உங்கள் பெயரில் ஒரு பதிவைத் தொடங்குங்கள்.

இதை ஏன் அவசரப்படுத்துகிறேன் என்றால், அனுபவம் மொத்தம் 3,740 மணி நேரம் காட்ட வேண்டும். செய்த வேலையை எட்டு மாதத்துக்குள் பதிந்தால் முழுக் கணக்கு. அதைத் தாண்டினால் ஐந்து வருடம் வரை பாதிக் கணக்கு. அதற்கும் பழையது அநேகமாகப் போனதுதான். சென்னையில் பதிவுபெற்ற ஆர்க்கிடெக்டின் கீழ் நீங்கள் பார்த்த வேலையும் 1,860 மணி வரை செல்லும். உங்கள் ஆறு வருடமும் இப்போது மாதாமாதம் கரைந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய முதலாளியை இன்றிரவே கூப்பிட்டு, கையொப்பமிட்டுத் தரத் தயாரா என்று கேளுங்கள். நான் இங்கு வந்த புதிதில், "வேலைதானே முக்கியம், பதிவு பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரு வருடத்துக்கு மேல் சும்மா இருந்துவிட்டேன். எனக்கு யாரும் சொல்லவில்லை. இழந்த மணிகளை மறுபடி உட்கார்ந்து சம்பாதிக்க வேண்டியதாயிற்று. உங்களுக்கு அது நேரக் கூடாது.

படிப்பைப் பொறுத்தவரை, உங்கள் பி.ஆர்க் இங்குள்ள பட்டத்துக்கு ஈடா என்று ஒரு மதிப்பீடு செய்வார்கள். டிசைன், ஸ்ட்ரக்சர் எல்லாம் நன்றாகவே தேறும். நம்மவர்களுக்குப் பெரும்பாலும் இடிப்பது பொதுப் பாடங்கள்: வரலாறு, பொருளாதாரம், மொழி போன்ற, தொழிலோடு சேராத பாடங்கள். குறைவு என்று கடிதம் வந்தால் மனம் உடைய வேண்டாம், உள்ளூர்ச் சமுதாயக் கல்லூரியில் மாலை வகுப்பாகவே ஈடுகட்டலாம். தேர்வு ஆறு பகுதி. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை.

இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாட்டவர்களுக்கு ஒப்பந்தம் வழியாகச் சுருக்குப் பாதை உண்டு. இந்தியாவுக்கு இல்லை. நம் கவுன்சில் இதற்கு முயல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: என் மகன் நியூஜெர்சியில் வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறை கூட்டிக் கட்ட நினைக்கிறான். ஆர்க்கிடெக்ட் வரைந்து முத்திரை போட்டால்தான் நகராட்சி வாங்குமாம், அதற்கே பெருந்தொகை கேட்கிறார்களாம். கலிபோர்னியாவில் என் அண்ணன் மகன் இதே மாதிரிக் கட்டினான், அவனிடம் யாரும் ஆர்க்கிடெக்ட் கேட்கவில்லை. என் மகனை ஏமாற்றுகிறார்களா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: இல்லை ஐயா, இரண்டு பேரும் சொல்வது உண்மை. கலிபோர்னியாவில் இரண்டு மாடிக்கு மேற்படாத மரச்சட்ட வீடுகளை உரிமம் இல்லாதவரும் வரையலாம் என்று சட்டமே விலக்குத் தருகிறது. வழக்கமான மரச்சட்ட முறையை மீறிய பகுதி எதுவும் இருந்தால் அந்தப் பகுதிக்கு மட்டும் ஆர்க்கிடெக்டோ பொறியாளரோ வேண்டும். நியூஜெர்சி இதில் கறார். ஒப்பந்தக்காரர் வரைந்து தர முடியாது. ஆனால் ஒரு வழி இருக்கிறது: தான் குடியிருக்கும் தனி வீட்டுக்கு வீட்டுச் சொந்தக்காரரே வரைந்து கொடுக்கலாம். உங்கள் மகனுக்கு வரைபடம் போடத் தெரிந்தால் நகராட்சியில் அதைக் கேட்கச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் காசு போகட்டும், ஆர்க்கிடெக்டை வைத்துக்கொள்ளட்டும். பழைய சுவரை உடைத்துப் புது அறையைச் சேர்க்கும் இடத்தில்தான் கூரை ஒழுகும், விரிசல் விடும்.

கேள்வி: நான் நியூயார்க்கில் உரிமம் பெற்ற ஆர்க்கிடெக்ட். நிதி நிர்வாகம் படித்த என் பள்ளித் தோழனோடு சேர்ந்து நிறுவனம் தொடங்கப் போகிறேன். முதலீடு ஆளுக்குப் பாதி, பங்கும் ஆளுக்குப் பாதி. சாதாரண எல்.எல்.சி போதும் என்கிறார் கணக்காளர். டெக்சாஸிலிருந்தும் ஒரு வேலை வருகிறது. அங்கே உரிமம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், நாங்கள் வரைந்து அனுப்பினால் ஒரு தொகைக்கு முத்திரை போட்டுத் தருகிறேன் என்கிறார். தொடங்கலாமா?
– ஒரு வாசகர், குயின்ஸ், நியூயார்க்

பதில்: கணக்காளர் சொன்னபடி தொடங்காதீர்கள் தம்பி. நியூயார்க்கில் சாதாரண எல்.எல்.சி ஆர்க்கிடெக்சர் தொழில் செய்ய முடியாது. தொழில்முறை நிறுவனம் என்று தனி வகை உண்டு. அதன் பழைய வடிவத்தில் பங்குதாரர் அத்தனை பேரும் உரிமம் உள்ளவராக இருக்க வேண்டும். 2012 முதல் வடிவமைப்புத் தொழில் கார்ப்பரேஷன் என்று ஒரு வகையைச் சேர்த்திருக்கிறார்கள். உங்கள் தோழனுக்கு உள்ள கதவு அதுதான். அதிலும் முக்கால் பங்குக்கு மேல் உரிமம் உள்ளவர்கள் கையில் இருக்க வேண்டும். தலைவர் பொறுப்பும் அவர்களிடம்தான். ஆகவே அவருக்குக் கால் பங்குக்கும் குறைவாகத்தான் கொடுக்க முடியும். பாதிப் பணம் போடுகிறவருக்கு இது வருத்தமாக இருக்கும். மீதிப் பணத்தைக் கடனாகக் காட்டலாமா என்று ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள். நட்பு நிலைக்க வேண்டுமானால் இந்தப் பேச்சைப் பெயர்ப்பலகை மாட்டும் முன்பே பேசிவிடுங்கள்.

மற்ற மாநிலங்களில் இது வேறு மாதிரி. கலிபோர்னியா நிறுவனத்துக்கென்று தனி உரிமம் கேட்பதில்லை, தனி ஆளைத்தான் பிடிக்கும். டெக்சாஸ் நிறுவனத்தையும் வாரியத்தில் பதியச் சொல்கிறது.

அந்தப் பெரியவர் விஷயத்துக்கு வருகிறேன். இதைத்தான் மிகவும் கவலையோடு எழுதுகிறேன். நம் ஊரில் பிளான் அப்ரூவலுக்கு ஒருவர் வரைய, இன்னொருவர் கையெழுத்து மட்டும் போட்டுத் தருவது நீங்கள் பார்த்திருக்கக்கூடிய பழக்கம். இங்கே முத்திரை போடுகிறவர் அந்த வேலையைத் தானே செய்திருக்க வேண்டும், அல்லது தொடக்கத்திலிருந்தே தன் கட்டுப்பாட்டில் நடத்தியிருக்க வேண்டும். முடிந்த தாளில் முத்திரை மட்டும் குத்தினால் அவர் உரிமமும் போகும், உங்கள் உரிமமும் போகும்.

ஏன் என்பதற்கு மிசூரி மாநிலம் கான்சாஸ் சிட்டியில் நடந்ததைச் சொல்கிறேன். 1981 ஜூலை 17 மாலை, ஹயாட் ரீஜென்சி ஹோட்டல் கூடத்தில் நடன விருந்து. மேலே கூரையிலிருந்து இரும்புக் கம்பிகளில் தொங்கும் நடைபாலங்கள். இரண்டாம் தளத்துப் பாலம் நான்காம் தளத்துப் பாலத்துக்கு நேர் கீழே. முதல் வரைபடத்தில் கூரையிலிருந்து ஒரே நீளக் கம்பி இரண்டையும் தாங்கியது. கட்டும்போது வசதிக்காக அதை இரண்டாக வெட்டி, மேல் பாலத்திலிருந்து கீழ்ப் பாலத்தைத் தொங்கவிட்டார்கள். ஒரே கயிற்றில் ஆளுக்கொரு முடிச்சில் தொங்குகிற இருவரில், கீழே உள்ளவர் மேலே உள்ளவரின் காலைப் பிடித்துக்கொண்டால் எப்படி இருக்கும்? மேலே உள்ள நட்டில் இரண்டு மடங்கு பாரம். இந்த மாற்றம் காட்டிய வரைபடத்தில் கட்டுமானப் பொறியாளர் நிறுவனத்தின் ஒப்புதல் முத்திரை இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தவர் யாரும் இல்லை. அன்று பாலங்கள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். பிறகு மிசூரி வாரியம் இரண்டு பொறியாளர்களின் உரிமத்தைப் பறித்தது. அந்த நிறுவனம் தொழில் செய்ய வைத்திருந்த அனுமதிச் சான்றையும் பறித்தது. அவர்கள் பொறியாளர்கள், நீங்கள் ஆர்க்கிடெக்ட். முத்திரையின் பொருள் இரண்டு தொழிலுக்கும் ஒன்றுதான்.

டெக்சாஸ் வேலையை விட்டுவிட மனமில்லையென்றால் நேரான வழி இருக்கிறது. என்கார்ப் சான்றிதழ் வைத்திருந்தால் டெக்சாஸ் உரிமத்துக்கு நீங்களே விண்ணப்பிக்கலாம், மறுபடி ஆறு தேர்வும் எழுத வேண்டியதில்லை. அல்லது அந்தப் பெரியவரை முதல் கோட்டிலிருந்தே உள்ளே கொண்டுவாருங்கள்: அவர் வாடிக்கையாளரோடு பேசட்டும், மனையைப் பார்க்கட்டும், திருத்தட்டும், அதற்குரிய ஊதியம் வாங்கட்டும்.

கேள்வி: மதுரையில் பி.ஆர்க் நான்காம் ஆண்டு படிக்கிறேன். அமெரிக்காவில் எந்த மாநிலத்தில் உரிமம் வாங்குவது சுலபம்?
– ஒரு மாணவி, மதுரை

பதில்: சுலபமான மாநிலத்தைத் தேடாதே அம்மா, நீ எங்கே வாழப் போகிறாய் என்று பார். கலிபோர்னியாவில் பட்டம் இல்லாமலே அனுபவத்தைக் காட்டி உரிமம் வாங்கலாம். ஆனால் நிலநடுக்கம், எரிசக்தி, மாநிலச் சட்டம் எல்லாம் கேட்கும் ஒரு கூடுதல் தேர்வு உண்டு. நியூயார்க்கும் படிப்பில் உள்ள குறையை அனுபவத்தால் ஈடுகட்ட விடுகிறது. அப்படிக் குறுக்கு வழியில் ஓரிடத்தில் வாங்கிவிட்டு இன்னொரு மாநிலத்துக்குப் போனால், "பட்ட மதிப்பீடு எங்கே?" என்று அங்கே கேட்கக்கூடும். எனவே மதிப்பீட்டை முதலிலேயே முடித்துவிடுவதுதான் என் யோசனை.

அதற்கு உனக்கு ஒவ்வொரு பாடத்தின் முழுப் பாடத்திட்டமும் வேண்டும், மதிப்பெண் பட்டியல் மட்டும் போதாது. எனக்குத் தேவைப்பட்டபோது ஒன்பது வருடம் கடந்திருந்தது. கல்லூரியில் பாடத்திட்டம் இரண்டு முறை மாறி, பழையது யாரிடமும் இல்லை. கடைசியில் என் ஜூனியர் ஒருவன் வீட்டுப் பரணில் இருந்து எடுத்துத் தந்தான். நீ இந்த ஆண்டே ஐந்து வருடப் பாடத்திட்டத்தையும் நகலெடுத்து, கல்லூரி முத்திரை வாங்கி, ஸ்கேன் செய்து வைத்துக்கொள்.