குழந்தைகளின் இழுப்பு நோய்: திரும்பத் திரும்பத் தீவிர சிகிச்சை ஏன்?

நம் நாட்டின் அரசாங்க மருத்துவமனைகளில் குடிமக்கள் செலுத்தும் கட்டணம் மிகக் குறைவு என்பதை நாம் அனைவரும் அறிவோம். புறநோயாளிக்கு 1 வெள்ளி. நிபுணத்துவ மருத்துவரைக் காண 5 வெள்ளி. மூன்றாம் வகுப்பில் தங்குவதற்கு நாளொன்றுக்கு 3 வெள்ளி. ஆதலால், பிள்ளைக்கு நோய் முற்றினாலும் பெரிய மருத்துவமனை இருக்கிறது, செலவு அதிகம் ஆகாது என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. இவ்வெண்ணம் சரிதானா என்பதை, ஆஸ்துமா எனப்படும் இழுப்பு நோயை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வோம்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் நடப்பது என்ன?

இழுப்பு நோய் உள்ள குழந்தையின் மூச்சுக் குழாய்கள் எப்போதும் சற்று வீங்கியே இருக்கும். சளிக்காய்ச்சல், புகை, தூசு முதலியவை தாக்கும்போது அக்குழாய்களைச் சுற்றியுள்ள தசைகள் இறுகுகின்றன. உள்ளே சளி அடைத்துக்கொள்கிறது. காற்று உள்ளே செல்வதும் வெளியேறுவதும் கடினமாகின்றன. நிலைமை முற்றினால் குழந்தை மூச்சு விட்டு விட்டே களைத்துப் போகும். அந்நிலையில்தான் தீவிர சிகிச்சை தேவைப்படுகிறது.

அங்கே பிராண வாயுவும், இடைவிடாது மூச்சு மருந்தும், நரம்பு வழியாகச் செலுத்தும் மருந்தும் கொடுக்கப்படுகின்றன. அவையும் பயன் தராவிடில் செயற்கைச் சுவாசக் கருவி பொருத்தப்படும். தாதியர் இரவும் பகலும் கட்டிலருகே நின்று கண்காணிக்க வேண்டும். கருவிகளுக்கும் மருந்துக்கும் ஊழியர்க்கும் ஆகும் பெருஞ்செலவை அரசாங்கம் ஏற்கிறது. குழந்தைகளுக்கான இத்தகைய பிரிவு எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் இல்லை. எனவே, தோட்டப்புறக் குழந்தை தொலைவிலுள்ள பெரிய நகருக்கு அனுப்பப்படலாம். குடும்பத்தின் செலவு இங்குதான் தொடங்குகிறது.

குடும்பம் ஏற்கும் செலவு

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2025ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. இதனை 26 வேலை நாளால் வகுத்தால் ஒரு நாள் சம்பளம் 65 வெள்ளி 38 காசு ஆகிறது. ஒரு குழந்தை ஓராண்டில் மூன்று முறை மருத்துவமனையில் சேர்க்கப்படுவதாகவும், ஒவ்வொரு முறையும் தாயார் 10 வேலை நாள் உடன் தங்குவதாகவும் கொள்வோம். மொத்தம் 30 நாள். இரண்டாண்டுக்கு மேலும் ஐந்தாண்டுக்குக் குறைவாகவும் பணிபுரிந்த தொழிலாளிக்கு 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி கிடைக்கும் ஆண்டு விடுமுறை 12 நாள். எஞ்சிய 18 நாள்களுக்குச் சம்பளம் இல்லை. இழப்பு 1,176 வெள்ளி 84 காசு.

தாயாரின் உணவுக்கு நாளுக்கு 15 வெள்ளி வீதம் 450 வெள்ளி ஆகும். தகப்பனார் ஒரு நாள்விட்டு ஒரு நாள் பேருந்தில் வந்து பார்த்துச் செல்ல, ஒரு முறைக்கு 20 வெள்ளி வீதம், 15 பயணங்களுக்கு 300 வெள்ளி. ஆக மொத்தம் 1,926 வெள்ளி 84 காசு. இது ஒரு மாதச் சம்பளத்திற்கும் அதிகம். மருத்துவமனைக் கட்டணம் இக்கணக்கில் சேரவே இல்லை. நோயுற்ற பிள்ளை இழந்த பள்ளி நாள்களையும், வீட்டில் தாயின்றி இருந்த மற்றப் பிள்ளைகளின் துன்பத்தையும் எந்தக் கணக்கில் எழுதுவது?

இனி மற்றொரு கணக்கு. மூன்று மாதத்திற்கு ஒரு முறை நிபுணத்துவ மருத்துவரிடம் பிள்ளையைக் காட்டினால், நான்கு முறைக்குக் கட்டணம் 20 வெள்ளி, பேருந்துச் செலவு 80 வெள்ளி. மொத்தம் 100 வெள்ளி. அந்நான்கு நாள்களும் ஆண்டு விடுமுறைக்குள் அடங்கிவிடும்.

நோய் திரும்புவது ஏன்?

இழுப்பு நோய்க்கு இரு வகை இன்ஹேலர்கள் உண்டு. ஒன்று, இறுகிய தசையைத் தளர்த்தி உடனே மூச்சை எளிதாக்குவது. இது பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும். மற்றொன்று, குழாயின் உள்வீக்கத்தை நாள்தோறும் சிறிது சிறிதாகத் தணிப்பது. இந்தத் தடுப்பு மருந்தை உட்கொண்டதும் எவ்வித மாற்றமும் தெரிவதில்லை. ஆதலால், பிள்ளை ஓடி விளையாடத் தொடங்கியதும் பெற்றோர் சிலர் அதனை நிறுத்திவிடுகின்றனர். வீக்கம் மீண்டும் வளர்கிறது. அடுத்த சளிக்காய்ச்சல் வந்ததும் பிள்ளை மறுபடியும் மருத்துவமனைக்குச் செல்கிறது.

இன்ஹேலர் பழகினால் அதற்கு அடிமையாகிவிடுவர் என்னும் அச்சம் தவறானது. மருத்துவர் குறித்த அளவில் நாள்தோறும் கொடுப்பதே பாதுகாப்பு. தடுப்பு மருந்து கொடுத்த பின் வாயைக் கொப்பளிக்கச் செய்தல் வேண்டும். நீல இன்ஹேலர் அடிக்கடி தேவைப்பட்டால், நோய் கட்டுக்குள் இல்லை என்று உணர்ந்து மருத்துவரை நாட வேண்டும். ஒரு முறை தீவிர சிகிச்சை பெற்ற குழந்தைக்கு மீண்டும் உயிராபத்து நேரும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிட அதிகம் என்பதை மறத்தல் ஆகாது.

வீடு திரும்புமுன் செய்ய வேண்டியவை

1. எந்த மருந்து, எத்தனை முறை, எதுவரை என்பதை எழுதி வாங்குக. மூச்சுத் திணறல் வந்தால் செய்ய வேண்டியதையும் எழுதித் தரக் கேட்குக.

2. ஸ்பேசர் என்னும் குழலின் வழியாக மருந்து கொடுக்கும் முறையைத் தாதியர் முன்னிலையில் செய்து காட்டுக. ஸ்பேசர் கிடைக்காவிடில் 500 மில்லி லிட்டர் பிளாஸ்டிக் போத்தலைக் கொண்டும் ஒன்று அமைக்கலாம். அதனைத் தாதியரிடமே கற்றுக்கொள்ளுதல் நன்று.

3. மறுபரிசோதனை நாளைக் குறித்துக்கொண்டு, தோட்ட அலுவலகத்தில் முன்கூட்டியே விடுமுறைக்குச் சொல்லி வைக்குக.

4. கட்டணம் செலுத்த இயலாதோர் மருத்துவமனையின் மருத்துவச் சமூகநல அதிகாரியைக் காண்க. கட்டணக் கழிவுக்கான விண்ணப்பத்தை அவர் ஆராய்வார்.

வீட்டுக்குள் புகை பிடித்தலும், கொசுவர்த்தி கொளுத்துதலும், வாசலில் குப்பை எரித்தலும் இக்குழந்தைக்குத் தீங்கு. புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் பிள்ளையை வெளியே விளையாட விடலாகாது. 2013ஆம் ஆண்டு ஜூனில் மூவார், லேடாங் மாவட்டங்களில் புகைமூட்டத்தால் அவசரநிலையே அறிவிக்கப்பட்டதை நாம் அறிவோம்.

காலந்தாழ்த்தக் கூடாத அறிகுறிகள்

மூச்சு வாங்கும்போது விலாவெலும்புகளுக்கிடையே சதை உள்வாங்குதல், ஒரு வாக்கியத்தைப் பேசி முடிக்க இயலாமை, உதடு நீலம் பாய்தல், சோர்ந்து மயங்குதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் 999ஐ அழைக்க வேண்டும். இழுப்புச் சத்தம் திடீரென நின்று பிள்ளை சோர்ந்து கிடந்தால், நோய் தணிந்துவிட்டது எனக் கருதலாகாது. காற்றே செல்லாததன் அடையாளமாகவும் அஃது இருக்கலாம். உதவி வரும்வரை, மருத்துவர் எழுதித் தந்த அளவில் நீல இன்ஹேலரை ஸ்பேசர் வழியாகக் கொடுத்துக்கொண்டே இருத்தல் வேண்டும்.

மேலும் ஒன்று. மேற்கூறிய குறைந்த கட்டணங்கள் குடிமக்களுக்கே உரியவை. பத்திரமின்றிக் குடியுரிமையை மெய்ப்பிக்க இயலாத பிள்ளைக்கு வெளிநாட்டவர்க்குரிய கட்டணம் விதிக்கப்படலாம், அது பன்மடங்கு. ஆகவே, தீபகற்ப மலேசியாவில் பிள்ளை பிறந்த 60 நாள்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்தல் பெற்றோரின் கடமை. தவறவிட்டோர் இனியும் தாமதியாமல் தேசியப் பதிவிலாகாவை அணுகுதல் வேண்டும்.

கருவிகளும் மருத்துவரும் ஒரு முறை உயிரைக் காக்கலாம். அடுத்த முறை அங்குச் செல்லாதிருக்கும் வழி நம் வீட்டிலேயே இருக்கிறது. பிள்ளை நலமாகச் சிரித்து விளையாடும் நாளிலும் தவறாது மருந்து கொடுப்போம். குழந்தையின் உயிரையும் குடும்பத்தின் உழைப்பூதியத்தையும் ஒருங்கே காப்போமாக.