வலிப்பு மாத்திரை: எதற்குப் பயப்பட வேண்டும்?

ஸ்கேன், இ.இ.ஜி. எல்லாம் எடுத்து, "இது வலிப்பு நோய்தான்" என்று டாக்டர் சொன்ன அன்றே வீட்டாரின் பயம் நோயை விட்டு மாத்திரைமேல் தாவிவிடுகிறது. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியானாலும் கிள்ளான் தாமானானாலும் பேச்சு ஏறக்குறைய ஒன்றுதான்.

"ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாது, கிட்னி போய்விடும்."

எல்லாருக்கும் ஆயுள் மருந்து இல்லை. இரண்டு ஆண்டு வலிப்பே வராதவர்களுக்கு மெல்லக் குறைத்து நிறுத்தலாமா என்று டாக்டரே யோசிப்பார். கிட்னியை இம்மருந்துகள் பொதுவாகக் கெடுப்பதில்லை. டோபிரமேட் சிலருக்குக் கல் உண்டாக்கும்; வால்புரோயேட் அரிதாகக் கல்லீரலைத் தாக்கும், இரத்தம் எடுத்துப் பார்ப்பது அதற்குத்தான். பலன் என்ன என்றால், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் மருந்தைப் புதிதாகத் தொடங்கிய 470 பேரை ஆராய்ந்து 2000-இல் வெளியான கட்டுரையில், 47 விழுக்காட்டினருக்கு முதல் மருந்திலேயே வலிப்பு நின்றிருந்தது.

"உடம்பில் செம்புள்ளி வந்தால் மருந்துச் சூடு. இளநீர் குடித்தால் தணியும்."

இதுதான் ஆபத்தான நம்பிக்கை. கார்பமாசபின் (டெக்ரடால்), லாமோட்ரிஜின், பினிட்டாயின் போன்றவற்றைத் தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள் தோலில் தடிப்பு வந்தால், அதிலும் காய்ச்சல், வாய்ப்புண், கண்சிவப்பு சேர்ந்தால், அது ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோயாக இருக்கலாம். தோல் உரியும், உயிரையும் பறிக்கும். அம்மை என்று வேப்பிலை கட்டி, வேளை தவறாமல் அதே மாத்திரையையும் கொடுத்துக்கொண்டிருப்பது கொடுமை. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், மாத்திரை அட்டையோடு.

கார்பமாசபின் விஷயத்தில் இதை முன்கூட்டியே ஓரளவு கணிக்கலாம். 2004-இல் தைவான் ஆய்வாளர்கள், அந்த மருந்தால் இந்நோய் வந்த 44 பேரைச் சோதித்தார்கள். 44 பேரிடமும் எச்.எல்.ஏ-பி 1502 என்ற மரபணு வகை இருந்தது. ஆசிய வம்சாவளியினருக்கு இச்சோதனை செய்த பிறகே மருந்தைத் தொடங்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007-இல் அறிவுறுத்தியது. சீனர், மலாய்க்காரர்களிடம் இந்த மரபணு வகை அதிகம், நம்மவர்களிடமும் உண்டு. "எனக்கு இந்தச் சோதனை வேண்டுமா?" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

"டாக்டர் ரொம்பக் குறைவாகக் கொடுத்திருக்கிறார், இரண்டாகப் போட்டால் சீக்கிரம் பிடிக்கும்."

லாமோட்ரிஜின் பெரியவர்களுக்கு 25 மில்லிகிராமில் தொடங்கி வாரக்கணக்கில் ஏற்றப்படும். ஏற்கனவே வால்புரோயேட் சாப்பிடுபவருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான். அவசரப்பட்டு ஏற்றினால் மேலே சொன்ன தோல் ஆபத்து கூடும்.

"மாத்திரை சாப்பிடும் பெண் பிள்ளை பெறக்கூடாது."

தவறு. ஆனால் வால்புரோயேட் (எப்பிலிம்) விஷயத்தில் கண்டிப்பாக எச்சரிக்கை வேண்டும்: கருவில் அம்மருந்து பட்ட குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்குப் பிறவிக் குறை வருகிறது, 30 முதல் 40 விழுக்காட்டினருக்கு வளர்ச்சியில் பின்னடைவு. லாமோட்ரிஜின், லெவெடிராசிட்டம் ஒப்பீட்டளவில் பாதுகாப்பானவை. திருமணப் பேச்சு தொடங்கும்போதே மருந்தை மாற்றலாமா என்று கேட்டுவிடலாம். கர்ப்பம் என்று தெரிந்ததும் தானாக நிறுத்துவது தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து.

"தைப்பூச விரதத்தில் மாத்திரை வேண்டாம்."

திடீரென நிறுத்தினால் ஓயாத வலிப்பு வரலாம். ரதத்தோடு விடிய விடியப் பத்துமலைக்கு நடக்கும் தூக்கமின்மையும் வலிப்பைத் தூண்டும். இரண்டும் ஒரே இரவில் சேரக்கூடாது. தண்ணீரோடு ஒரு மாத்திரை விழுங்குவதற்கு முருகன் கோபிக்கமாட்டார்.

வலிப்பு வரும்போது கையில் சாவி கொடுப்பது, மூக்கில் வெங்காயம் வைப்பது எல்லாம் வீண். பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானே நிற்கும், பெயர் சாவிக்குப் போகும். ஐந்து நிமிடம் தாண்டினால் 999-ஐ அழையுங்கள்.

சோர்வு, மயக்கம், முடி உதிர்தல், உடல் பருமன், லெவெடிராசிட்டத்தால் வரும் எரிச்சலும் கோபமும் சிறு விஷயங்கள் அல்ல. மருந்தையோ அளவையோ மாற்றினால் பல குறையும். ஆகவே சத்தமில்லாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். அடுத்த தவணைக்குப் போகும்போது, என்ன தொந்தரவு, எந்தத் தேதியில் தொடங்கியது, வேறு என்ன நாட்டு மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் நீட்டுங்கள்.